மறதிநோயும் தலைமுழுக்கும்

எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது எப்படி என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்று நாள்கூடக் குறித்து வைத்திருக்கிறோம். அப்படி அறுபது ஆண்டுகளாக வெள்ளி தவறாமல் தலை முழுகி வந்த ஒரு மூதாட்டி, திடீரென்று ஒருநாள், முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் ‘ஐயோ, கொல்றாங்களே!’ என்று அலறுகிறார். தண்ணீர் ஊற்றிய மருமகளின் கையைக் கடிக்கவும் செய்கிறார். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும். ‘மாமியாரை என்ன பாடு படுத்துகிறாளோ’ என்ற பேச்சும் கிளம்பிவிடும். மருமகள் என்ன செய்வார்? அடுத்த வாரம் தலைக்கு ஊற்றாமலே விட்டுவிடுவார். மூன்றாம் மாதத்தில் தலை சிக்குப் பிடித்து, பேனும் புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

இது பிடிவாதம் அல்ல. மூளையைத் தாக்கும் ஒரு நோயின் விளைவு. டிமென்ஷியா என்றும் முதுமை மறதிநோய் என்றும் சொல்கிறோம். இதில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தம் நோயாளி ஒருவரின் மூளையை நுண்பெருக்கியில் ஆராய்ந்து அதில் கண்ட மாறுதல்களை முதன்முதலில் எடுத்துச் சொன்னார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய், நம் கிராமங்களில் ஏது?’ என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டிய திருப்போரூர் வட்டாரத்தில் மருத்துவர்கள் ராஜ்குமார், தாரா முதலியோர் அறுபது வயது கடந்த 750 பேரை ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதிநோய் இருந்தது. நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி அறுபது வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டு. இரண்டு ஆய்வுகளும் கையாண்ட முறைகள் வேறு. ஆகவே எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் நம் தெருவிலும் இந்நோய் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

மறதி என்றால் எல்லாமே ஒரே சீராக அழிந்துபோவதில்லை. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இன்று நடந்ததை நாளைக்காகப் பதிந்து வைக்கும் பகுதி அது. அதனால்தான் 1979இல் அத்திவரதரைக் காணக் கூட்டத்தில் நெருக்குண்டு போனதை அந்தப் பாட்டி விவரமாகச் சொல்வார். 2019இல் மறுபடி போய்வந்தது அவருக்குத் தெரியாது. காலையில் இட்லி தின்றதும் தெரியாது. கைப்பழக்கமோ மூளையின் வேறு பகுதிகளில் தங்கியிருக்கிறது. அது நெடுநாள் நிற்கும். கோர்வைச் சேலைக்கு ஆயிரமாயிரம் முறை நாடா கோத்த விரல்கள், பேரன் பெயர் மறந்த பிறகும் அறுந்த இழையைத் தாமாகவே முடிச்சுப் போடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குளியலறையில் பயன்படும்.

இப்போது அந்தக் குளியலை மூதாட்டியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். சற்றுமுன் ‘தலைக்கு ஊத்தலாமா?’ என்று கேட்டு அவரும் சரி என்றார். அது பதியவில்லை. ஆகவே முன்னறிவிப்பே இல்லாமல் யாரோ தம் புடவையை அவிழ்ப்பதாகத்தான் அவருக்குத் தோன்றுகிறது. கண் நன்றாக இருந்தாலும், கண்ட காட்சியைப் பொருள் பிரித்து அறியும் மூளைப்பகுதி பழுதுபட்டிருக்கும். பளபளக்கும் ஈரத்தரை அவருக்குக் குட்டையாகவோ பள்ளமாகவோ தெரியலாம். பின்னாலிருந்து தலையில் தண்ணீர் கொட்டும்போது அது எங்கிருந்து வந்தது, எப்போது நிற்கும் என்று ஊகிக்க முடிவதில்லை. மூக்கில் நீர் ஏறினால் மூழ்குகிறோம் என்றே நினைக்கிறார். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிகிறது. ‘கண்ணை மூடிக்கோ’ என்ற சொல், காதில் விழுந்து பொருளாகி இமைக்குப் போய்ச் சேர்வதற்குள் நுரை இறங்கிவிடுகிறது. தாக்கப்படுகிறவர் திருப்பித் தாக்குவது இயற்கைதானே?

அமெரிக்காவில் ஸ்லோன், ரேடர், பாரிக் முதலானோர் இதையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டனர். 15 முதியோர் இல்லங்களில் 69 மறதிநோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வை 2004இல் வெளியிட்டார்கள். மருந்து எதுவும் இல்லை; குளிப்பாட்டும் முறையை மட்டும் மாற்றினார்கள். அவரவர் விருப்பத்தையும் வசதியையும் கேட்டு நிதானமாகக் குளிப்பாட்டியபோது அடிப்பது, கடிப்பது போன்ற செயல்கள் 53 விழுக்காடு குறைந்தன. படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத்துண்டுகளால் போர்த்தித் துடைத்தபோது 60 விழுக்காடு குறைந்தன. நோய் அப்படியேதான் இருந்தது. குளிப்பாட்டிய விதம்தான் சண்டையை மூட்டியிருந்தது.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? கோவில் திருமஞ்சனத்தில் நீர் திருமுடியிலிருந்து இறங்கும். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, தோள் என்று வந்து, தலையைக் கடைசிக்கு விடுங்கள். எதிரில் வந்து, கண்ணுக்கு நேரே முகம் தெரிய உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் செய்வதற்குச் சற்றுமுன் சொல்லுங்கள். ‘ஆயா, காலுல தண்ணி ஊத்தறேன். சூடு சரியா இருக்குதா?’ இவ்வளவு போதும். ‘போன வாரமும் இப்படித்தானே ரகளை பண்ணினே’ என்று நினைவூட்டுவதில் பயனே இல்லை. போன வாரம் அவரிடம் இல்லை. மார்பும் மடியும் ஒரு துண்டால் மூடியிருக்கட்டும். துண்டு நனைந்தால் நனையட்டும். நினைவு போனாலும் கூச்சம் போவதில்லை.

கைப்பழக்கத்தை இங்கே உதவிக்கு அழைக்கலாம். ஒரு சிறு துண்டை மடித்து அவர் கையில் கொடுத்து, அந்தக் கையை மெல்ல நெற்றிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் தாமே கண்ணைப் பொத்திக்கொள்வார். மற்றொரு கையில் சொம்பு. ஊற்றுவது தாமே என்றால் பயம் பாதியாகிவிடும். சீயக்காய் மணம் பழைய நினைவைக் கிளறி அமைதி தரும் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அல்சைமர் நோயில் மோப்ப உணர்வு தொடக்கத்திலேயே மங்கத் தொடங்கிவிடுவது வழக்கம். ஆகவே மணத்தை நம்புவதைவிடக் கையை நம்புவது மேல்.

தண்ணீர் உடல் வெப்பத்தை ஒட்டி, 37 அல்லது 38 டிகிரி சென்டிகிரேடு இருந்தால் போதும். அண்டாவில் கொதிக்கும் வெந்நீரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. 60 டிகிரி நீர் சுமார் ஐந்து வினாடியில் தோலை வேகவைத்துவிடும்; முதியவரின் மெல்லிய தோலுக்கு அந்த நேரம்கூட வேண்டாம். விளாவிய நீரை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்த பிறகே அவர் மேல் ஊற்றுங்கள்.

உட்கார மணை உதவாது. கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். தரையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். எண்ணெயை உடம்பெல்லாம் வழிய விடாமல் உச்சந்தலையோடு நிறுத்துங்கள். எண்ணெய் சொட்டிய தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் எழுந்து நடப்பதே அரிதாகிவிடும். முடிதிருத்தும் நிலையத்தில் செய்வதுபோலக் கழுத்தைப் பின்னுக்கு மடக்கி அலசுவதும் ஆபத்து. கழுத்தெலும்பின் வழியே மூளைக்குச் செல்லும் தமனிகள் அப்போது நசுங்கலாம். அழகு நிலையத்தில் அப்படித் தலை அலசியபின் மூளைத்தாக்கு கண்ட ஐந்து பெண்களைப் பற்றி 1993இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். தலை நேராகவோ சற்று முன் குனிந்தோ இருக்கட்டும்; சொம்பின் விளிம்பைத் தலையோடு ஒட்டிவைத்து நீரை மெல்ல விடுங்கள்.

எதைத் தேய்ப்பது? பட்டு நெய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டும் முடியும் புரதமே. கச்சாப்பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுகிறோம். ஆனால் நெய்து முடித்த சேலையை அப்படிச் செய்வோமா? பூவந்திக்கொட்டை நீரில் அலசுகிறோம். காரம் புரத இழையைக் கெடுக்கும். முதுமையில் தலைத்தோலில் எண்ணெய்ப்பசை சுரப்பதும் குறைவு. ஆகவே கட்டிச் சோப்பு வேண்டாம். சீயக்காயிலுள்ள சப்போனின் அழுக்கை நன்றாகவே நீக்கும். ஆனால் கண்ணுக்கு ஆகாது, தூளும் முடிக்குள் தங்கி நிறைய நீர் கேட்கும். நிறைய நீர் என்றால் நிறைய நேரம். கண் எரியாத குழந்தைகள் ஷாம்பூ சில துளிகள் போதும் என்பதே என் கருத்து. மரபை விடுகிறோமே என்று வருந்த வேண்டாம்.

வாரம் ஒருமுறை போதும்; பத்து நாளானாலும் குற்றமில்லை. மாலையில் மறதிநோயாளியின் குழப்பம் அதிகரிப்பது உண்டு. ஆகவே வெயில் ஏறிய பத்து, பதினொரு மணியே நல்ல நேரம். தறி வேலை நடக்கும் நேரம் அது என்பது உண்மைதான். அதற்காக விடியற்காலை மார்கழிக் குளிரில் உட்கார வைத்தால் சண்டையிலேயே அதைவிட நேரம் போகும். மறுத்தால் விட்டுவிட்டு அரைமணி கழித்துக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் தலையைச் சுற்றிக் கட்டிச் சிறிது நேரம் வைத்து, பகுதி பகுதியாகத் துடைத்தெடுக்கலாம்.

‘மொட்டை அடித்துவிட்டால் தொல்லை விட்டது’ என்று சில வீடுகளில் முடிவு செய்கிறார்கள். வேண்டுதலுக்கு முடி கொடுப்பது வேறு. அது அவர் விரும்பிச் செய்தது. கணவனை இழந்த பெண்களின் தலையை மழித்த கொடுமையைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. கண்ணாடியில் மழித்த தலையைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? தோள்வரை கத்தரித்தாலே பராமரிப்பு பாதியாகிவிடும். அதையும் அவரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்.

இதுவரை அமைதியாகக் குளித்தவர் ஓரிரு நாளில் திடீரென்று மூர்க்கமானால் அது மறதிநோயின் முற்றல் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, தலையில் மறைந்திருக்கும் புண் இவற்றில் ஏதேனும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குளித்து முடித்ததும் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அழுத்தித் துவட்ட வேண்டாம். பிறகு முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, அகன்ற பல் சீப்பு ஒன்றை அவர் கையில் கொடுங்கள். நுனியிலிருந்து சிக்கெடுப்பதை அந்தக் கை தானே தொடங்கிவிடும். பின்பக்கத்துச் சிக்கை மட்டும் நீங்கள் எடுத்துவிடலாம்.