காரைவிட விலை கூடிய சான்றிதழ்

"ஏம்மா, சிங்கப்பூர் போய் இத்தனை வருஷமாச்சு, இன்னுமா பஸ்லயே போயிட்டிருக்கீங்க?"

திருச்சியில் இருக்கும் என் அண்ணன் போனில் பேசும்போதெல்லாம் இதைக் கேட்காமல் விடமாட்டார். ஊர்ப் பக்கம் கணக்கு எளிது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கார் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சம்பாத்தியம் போதவில்லை, அல்லது பிசினாறி. எங்கள் தெருவிலேயே வங்கிக் கடனில் எட்டு, ஒன்பது லட்சத்துக்குக் கார் எடுத்துவிட்டு, நிறுத்த இடமில்லாமல் பக்கத்து வீட்டு வாசலை அடைத்துச் சண்டை வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு புதிர்.

நான் சரக்குக் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதனால் அண்ணனுக்குக் கணக்காகவே பதில் சொல்லிப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். அதற்கு வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர். வாயில் வருவது 'சிஓஇ'. பத்து வருடத்துக்குத்தான் செல்லும். 1990 மே மாதம் தொடங்கிய முறை இது. தீவில் மொத்தம் எத்தனை வண்டி ஓடலாம் என்று அரசு முடிவு செய்து, கழிந்துபோகும் வண்டிகளுக்கு ஈடாகத்தான் பெரும்பாலும் புதுச் சான்றிதழ்களை விடும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கான வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஒரு பழைய கார் போனால்தான் ஒரு புதிய கார் வரும் என்ற நிலை. (வண்டி வைத்திருப்பதற்குக் கட்டணம் வசூலிப்பதைக் குறைத்து, ஓட்டுவதற்கு வசூலிப்பதைக் கூட்டலாம் என்று, 2025லிருந்து சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதலாக விடுவதாக அறிவித்திருக்கிறார்கள்.)

சான்றிதழுக்கு மாதம் இரண்டு முறை ஏலம். திங்கட்கிழமை திறந்து புதன்கிழமை மாலை 4 மணிக்கு மூடுவார்கள். பெரும்பாலும் கார் விற்பனையாளரே வாடிக்கையாளர் சார்பில் கேட்பார். ஏலம் என்றதும், ஆளுக்கு ஆள் கேட்ட விலையைக் கட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் சான்றிதழ் இருந்தால், அதிகம் கேட்ட ஆயிரம் பேருக்குக் கிடைக்கும். கிடைக்காமல் போனவர்களில் அதிகம் கேட்டவர் சொன்ன தொகையோடு ஒரு வெள்ளி சேர்த்து, எல்லாரும் அந்த ஒரே விலையைத்தான் கட்டுவார்கள். (இங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்போம்.) புதன்கிழமை சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒன்றாகப் பேசும் பேச்சு இந்த விலைதான். வாங்குகிற யோசனை இல்லாதவர்களுக்குத்தான் இதில் ஆர்வம் அதிகம்.

2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார்களுக்கு 1,50,001. சிறிய காருக்கான அந்தத் தொகை மட்டும் அப்போதைய மதிப்பில் அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல். இதே சான்றிதழ் 2008 நவம்பரில், உலகமே பண நெருக்கடியில் இருந்தபோது, இரண்டு வெள்ளிக்குப் போனதும் உண்டு. இரண்டே இரண்டு வெள்ளி. அந்த வாரம் வாங்கியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இனி முழுக் கணக்கு. துறைமுகத்தில் இறங்கும்போது 20,000 வெள்ளி மதிப்புள்ள சாதாரண கார் ஒன்று. சுங்க வரி 20 சதவீதம், 4,000. இரண்டும் சேர்ந்த தொகைக்குப் பொருள் சேவை வரி. 2023ல் 8 சதவீதம், 1,920. கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. முதல் 20,000 மதிப்புக்கு நூறு சதவீதம். காரின் விலை ஏற ஏற விகிதமும் ஏறி 320 சதவீதம் வரை போகும். நம் காருக்கு 20,000. பதிவுக்கு 350. எல்லாம் 46,270. அதோடு அந்த 1,06,000. ஆக 1,52,270 வெள்ளி. விற்பனையாளர் லாபம் இதில் சேரவில்லை. வங்கி முழுவதற்கும் கடன் தராது. இந்த மதிப்புள்ள காருக்கு அதிகபட்சம் 70 சதவீதம், ஏழு வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். பத்து வருடம் முடிந்ததும் ஒன்று காரைக் கழித்துவிட வேண்டும், அல்லது அன்றைய சராசரி விலையைக் கட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. "அந்தக் காசுக்கு இங்கே வீடு கட்டிடலாமே" என்றார் கடைசியில். கட்டி வாடகைக்கும் விடலாம்.

வாங்கிவிட்டால் முடிந்ததா? நாங்கள் இருப்பது ஈசூனில், அரசு அடுக்குமாடி வீட்டில். கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி. காப்பீடு, சாலை வரி தனி. பெட்ரோல் லிட்டர் இரண்டரை வெள்ளிக்கு மேல். பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் மலிவு என்பதால், போய் நிரப்பிவிட்டு வந்துவிடக் கூடாதென்று அதற்கும் ஒரு சட்டம்: சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும், 1991லிருந்து இப்படி. இதற்கு மேல், நெரிசல் நேரத்தில் நகர்ப் பக்கம் போனால் மின்னியல் சாலைக் கட்டணம். சாலைக்குக் குறுக்கே நிற்கும் கட்டண வளைவின் கீழ் வண்டி நுழைந்ததும் பணம் கழியும். விரைவுச்சாலையில் வேகம் 45 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் கட்டணத்தை ஏற்றுவார்கள், 65ஐத் தாண்டிச் சாலை வெறிச்சோடினால் இறக்குவார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்குத் தீவின் அளவே பதில். மொத்தம் ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். திருச்சி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் 60 லட்சம் பேர், துறைமுகம், விமான நிலையம், ராணுவப் பயிற்சி நிலம், நீர்த்தேக்கங்கள். நிலத்தில் 12 சதவீதம் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கே அதைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

நம் ஊரில் கார்களுக்குக் கட்டுப்பாடு என்று யாராவது வாயைத் திறந்தால், "முதலில் மெட்ரோவைக் கட்டி முடியுங்கள், பிறகு பேசலாம்" என்ற பதில் தயாராக இருக்கிறது. சிங்கப்பூர் அந்த வரிசையில் போகவில்லை. 1975 ஜூன் 2ஆம் தேதி, காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் காரோடு நுழைய நாளுக்கு 3 வெள்ளி வசூலிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடியில் ஒட்டும் வெறும் காகிதச் சீட்டு; வாயிலில் நிற்கும் அதிகாரி கண்ணால் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். நான்கு பேர் ஏறிய காருக்குக் கட்டணம் இல்லை என்றதால், பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றி ஆள் கணக்கைச் சரிக்கட்டிய காரோட்டிகளும் இருந்தார்கள். அன்றைக்குப் பெருவிரைவு ரயில் கிடையாது. தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த பேருந்து நிறுவனங்களை 1973ல் ஒன்றாக இணைத்திருந்தார்கள். கையில் இருந்தது அந்தப் பேருந்துகள்தான். அதை வைத்தே காருக்கு விலை போட்டார்கள்.

ரயில் வேண்டுமா என்பதில் அமைச்சரவைக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. பேருந்தே போதும், மலிவு என்ற பக்கம் அமைச்சர் கோ கெங் சுவீ. ரயில் வேண்டும் என்று நின்றவர் ஓங் டெங் சியோங்; பின்னாளில் அதிபரானவர். 1982ல் ரயில் என்று முடிவாகி, 1987 நவம்பரில் ஈயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு முதல் வண்டி ஓடியது. சாலைக்கு விலை வைத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து! இப்போது 140க்கு மேற்பட்ட நிலையங்கள்.

ரயிலைவிட என்னைப் பேருந்துப் பயணியாகவே வைத்திருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை; வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அதன் அருமை தெரியும். நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரை போடும் திட்டத்தை 2013ல் தொடங்கினார்கள். அடுத்தது கட்டணம். வீட்டருகே பேருந்தில் ஏறி, நிலையத்தில் ரயிலுக்கு மாறி, இறங்கி இன்னொரு பேருந்தைப் பிடித்தாலும் அது ஒரே பயணம். மொத்தத் தூரத்துக்குத்தான் பணம். 2010 ஜூலையில் வந்த முறை இது. அதற்கு முன் மாறி ஏறினால் மொத்தம் கூடுதலாகிவிடும் என்று, நேர்ப் பேருந்துக்காக மணிக்கணக்கில் காத்து நின்றவர்கள் உண்டு. நான் ஈசூனிலிருந்து அலுவலகம் இருக்கும் தஞ்சோங் பகாருக்குப் போக இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். இரு வழியும் சேர்த்து மாதம் நூறு வெள்ளியைத் தொடாது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கொடுப்பதே இதைவிட அதிகம்.

இதெல்லாம் அரசுக்குத் தானாகத் தோன்றியது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 2011 தேர்தலில் ரயில், பேருந்து நெரிசல் மக்களிடம் பெரிய கோபமாக இருந்தது. அடுத்த ஆண்டே 110 கோடி வெள்ளி ஒதுக்கிக் கூடுதல் பேருந்துகள் வாங்க ஆரம்பித்தார்கள். 2016லிருந்து பேருந்துகள் அரசின் சொத்து. ஓட்டுவதற்கு மட்டும் நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுக்கின்றன. எந்த வழித்தடம் லாபம் தரும் என்ற கவலை ஓட்டுகிறவருக்கு இல்லை. மூன்றில் இரண்டு குடும்பத்துக்குக் கார் இல்லாத ஊரில், பேருந்து தாமதமானால் அது ஓட்டுப் பெட்டி வரை போகும்.

குறையும் சொல்ல வேண்டும். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். 2024 செப்டம்பரில் ஜூரோங் ஈஸ்ட் – புவன விஸ்தா பாதையில் ஆறு நாள் ரயில் ஓடவில்லை. அந்த வாரம் கார்க்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. கைக்குழந்தையும் நடக்க முடியாத மாமனாரும் ஒரே வீட்டில் இருந்தால் கார் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். எங்கள் மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போன நாட்களில் வாடகைக் காருக்கே கணிசமாகச் செலவழித்தோம். ஏலத்தில் ஜெயிப்பவர், காரின் தேவை அதிகம் உள்ளவர் என்று சொல்ல முடியாது. பணம் அதிகம் உள்ளவர்தான் ஜெயிக்கிறார். இந்த முறையில் எனக்கு ஒவ்வாத இடம் இது.

அதைவிட ஒவ்வாதது ஒன்று விரைவுச்சாலையில் தினமும் கண்ணில் படும். லாரியின் பின்புறத் தட்டில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி விழுந்தபடி போகும் கட்டுமானத் தொழிலாளர்கள். பங்களாதேஷ்காரர்கள் பலர், நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பையன்களும் பலர். மேலே கூரையும் பக்கத்தில் தடுப்பும் கட்டாயம். இருக்கை, பெல்ட் கிடையாது. விபத்து நடக்கும்போதெல்லாம் நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். 2023ல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்தச் சொன்னபோது, நிறுவனங்களுக்குச் செலவு கூடும், கட்டட வேலைகள் தாமதமாகும், உடனே தடை போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அரசின் பதில். ஒவ்வொரு காரும் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு சாலையை எடுத்துக்கொள்கிறது என்று அளந்து விலை போடத் தெரிந்த நாட்டுக்கு, அந்தப் பையன்களுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

அண்ணனுக்கு நான் சொன்னதில் பாதிதான் ஏறியிருக்கும். தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள் வரி, விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம். அதற்கே ஊரில் முணுமுணுப்பு. இங்குள்ள ஏலத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது; கடைசிப் பேருந்து ஏழு மணிக்குப் போய்விடும் கிராமத்தில் கார் ஒன்றும் ஆடம்பரம் இல்லை. ஆனால் சென்னை தியாகராய நகரிலோ திருச்சி தில்லை நகரிலோ காரை நாள் முழுக்கத் தெருவில் இலவசமாக நிறுத்தி வைப்பதற்கு விலை போட மெட்ரோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் அதே தெருவுக்கு மினி பஸ் விடலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின், என் அண்ணி ஸ்ரீரங்கத்துக்கும் மார்க்கெட்டுக்கும் பேருந்தில்தான் போகிறார். அண்ணனின் கார் வாசலில் உறை போட்டு நிற்கிறது.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே பன்னிரண்டு மாதம் வரைதான் செல்லும். அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் எழுத்துத் தேர்வு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்வை எழுதிவிடுங்கள், என்றைக்காவது உதவும். காருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு கிடைக்குமா என்று பாருங்கள். வாடகை சில நூறு வெள்ளி கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் அதுவே மலிவு.