நிரல்வரியைக் குறிப்பாக்கல்: எழில் மொழியை முன்வைத்து ஒரு கலைச்சொல் ஆய்வு

முன்னுரை

நிரலில் பிழை தேடுவோர் ஐயத்திற்குரிய வரியை உடனே அழிப்பதில்லை. அதன்முன் ஒரு குறியை இட்டு, அது இயங்காதவாறு நிறுத்திப் பார்ப்பர். குறியை எடுத்தால் வரி மீண்டும் இயங்கும். பேச்சுவழக்கில் ‘கமெண்ட் செய்தல்’ எனப்படும் இச்செயலைக் ‘கருத்துரை’, ‘குறிப்புரை’ என்னும் சொற்கள் சுட்டுவதில்லை; அவை விளக்கக் குறிப்பையே சுட்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், எந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. காரியாபட்டி போன்ற ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று பொறியியலுக்கு வரும் மாணவர்க்கு இவ்வேறுபாடு தெளிவாதல் வேண்டும்.

எழிலும் சி மொழியும்

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி எழில். பைத்தானில் எழுதப்பெற்ற அம்மொழியில் # குறியே குறிப்பைத் தொடங்குகிறது.

பதிப்பி "வணக்கம்"
# பதிப்பி "நன்றி"

இங்கு முதல் வரி மட்டுமே இயங்கும். இரண்டாம் வரியின் சொற்கள் மாறவில்லை. அவற்றின் தகுதியே மாறியுள்ளது.

சி மொழியில் /* தொடக்கமாகவும் */ முடிவாகவும் அமையும். ஏற்கெனவே குறிப்புரை உள்ள பகுதியை இவற்றால் மூடினால், உள்ளிருக்கும் முதல் */ குறியிலேயே மூடல் முடிந்துவிடும். எஞ்சிய வரிகள் மீண்டும் நிரலாகக் கொள்ளப்படும். விளக்கத்திற்கு அமைந்த குறியை நிறுத்தத்திற்குப் பயன்படுத்துவதால் நேரும் இடர் இது.

புள்ளியோடு ஒப்புமை

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய மரபு. ‘க’ என்னும் வடிவின்மேல் புள்ளியிட்டால் அகரம் ஒலிக்காது, வடிவம் அழிவதில்லை. புள்ளியை எடுத்தால் அகரம் மீளும். சிறுகுறி ஒன்று வடிவைக் காத்துச் செயலை அடக்குதல் இரண்டிற்கும் பொது. எனினும் புள்ளி பெற்ற மெய் தனக்குரிய ஒலியை இழப்பதில்லை. குறிப்பான வரியோ கணினிக்கு முற்றிலும் இல்லாததாகிறது, படிப்பவர்க்கு மட்டும் எஞ்சுகிறது.

நிறைவுரை

விளக்கத்தைக் ‘குறிப்புரை’ எனவும், வரியை நிறுத்துதலைக் ‘குறிப்பாக்கல்’ எனவும், திரும்ப இயக்குதலை ‘மீட்டல்’ எனவும் பிரித்தாளலாம். ‘நீக்கல்’ என்பது அழித்தலைக் குறிப்பதால் இங்குப் பொருந்தாது. குறிப்பாக்கல் சோதனைக்குரிய தற்காலிக நிலை. சோதனை முடிந்தபின்னும் அவ்வரிகள் தங்கினால், அடுத்துப் படிப்பவர் அவற்றை விளக்கமெனக் கொள்வதா, கைவிடப்பட்ட நிரலெனக் கொள்வதா என மயங்குவர். சொற்களைப் பிரித்தாள்வது அம்மயக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும்.