மீன் குளத்தில் பச்சை நீர்: எவ்வளவு இருக்கலாம்?

மாலையில் துள்ளி விளையாடிய மீன்கள் விடியற்காலையில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் செத்து மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டதாகச் சந்தேகப்படுவோர் உண்டு. பல சமயங்களில் காரணம் நீரின் பச்சை நிறத்திலேயே இருக்கிறது.

இந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் கூட்டமாகும். இவற்றில் ஒன்று குளோரெல்லா. 1890-ல் நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் இதற்குப் பெயரிட்டார். வேர், தண்டு, இலை எதுவும் இதற்குக் கிடையாது; உடல் முழுவதும் ஒரே செல்தான். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாது. கிளாமிடோமோனாஸ் என்ற மற்றொரு பாசி, சாட்டை போன்ற இரு இழைகளை வீசி வெளிச்சத்தை நாடி நீந்தும்.

குளோரெல்லாவின் தாய் செல், உள்ளுக்குள்ளேயே நான்கு, எட்டு எனப் பிரியும். பிறகு சேய்கள் மேல்தோலைக் கிழித்து வெளிவரும். சாணம், சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றின் சத்தும் நல்ல வெயிலும் சேர்ந்தால் சில நாட்களில் குளமே பச்சையாகிவிடும்.

அளவோடு இருந்தால் இது நன்மையே. பாசியை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் தின்கின்றன. அவற்றைக் கட்லா தின்கிறது. வெள்ளிக்கெண்டை பாசியையே வடிகட்டி உண்கிறது. பகலில் பாசி பிராணவாயுவையும் தருகிறது. ஆனால் இரவில் வெளிச்சமின்றி அந்த உற்பத்தி நின்றுவிடும். பாசியோ மீன்களைப் போலவே பிராணவாயுவைச் செலவழித்துக்கொண்டிருக்கும். பாசி மிஞ்சினால் விடியுமுன் மீன்களுக்கு மூச்சு முட்டும். மேகமூட்டமான நாட்களில் ஆபத்து அதிகம்.

இதை அறிய எளிய வழி உண்டு. கலங்கல் இல்லாத நீரில் முழங்கை மூழ்கும் வரை கையை நேராக விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. பளிச்சென்று தெரிந்தால் உரம் போதவில்லை. முழங்கை மூழ்குமுன்பே மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்போது சாணம், உரம் இடுவதை நிறுத்துங்கள்; தீவனத்தைக் குறையுங்கள்; கொஞ்சம் நீரை வெளியேற்றிப் புதுநீர் பாய்ச்சுங்கள். மீன்கள் மேலே வந்து தவித்தால் உடனே பம்புசெட்டை ஓட்டி, நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள்.

நீர் மேல் பெயிண்டு கொட்டியது போல் படர்ந்து கரையில் ஒதுங்கும் நீலப்பச்சைப் பாசி வேறு இனம். அதில் சில வகைகள் நச்சுள்ளவை. ஆடுமாடுகளை அந்நீரைக் குடிக்க விடக்கூடாது.

குளத்தில் கையை விட்டுப் பார்க்கக் காசு செலவில்லை. வாரம் ஒரு முறை பார்த்துவந்தால் ஓர் ஆண்டு உழைப்பு ஒரே விடியலில் வீணாகாமல் தப்பும்.