7-க்கு 7 ஜெயித்த சேப்பாக் வெளியே... 2-ம் இடம் பிடித்த திருப்பூர் சாம்பியன்! பிளே-ஆஃப் கணக்கு என்ன?

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. கிழமையை ஏன் சொல்கிறேன் என்றால், திருப்பூருக்கு அது ரொம்ப முக்கியம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாள்தான் ஓவர்லாக் மெஷின் சத்தம் அடங்கும். அன்றைக்கு ராத்திரி திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில், ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ் முதல்முறையாக டிஎன்பிஎல் கோப்பையைத் தூக்கியது. ஃபைனலில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்.

118 ரன் என்றால் ஒருதலைப்பட்சமான மேட்ச்தானே, இதில் 'கம்பேக்' எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு 11 மாசம் பின்னாடி போகணும்.

2024-ல் என்ன நடந்தது?

முதலில் ஒரு சின்ன பிளாஷ்பேக். இந்த டீம் பிறக்கும்போது திருப்பூர் டீம் இல்லை. 2016-ல் டிஎன்பிஎல் ஆரம்பித்தபோது காரைக்குடி காளை. பிறகுதான் திருப்பூர் தமிழன்ஸ் என்று பேர் மாறியது. 2020 சீசன் கொரோனாவில் போய்விட்டதால், புதுப் பெயரில் 2021-ல்தான் களமிறங்கினார்கள். 2021, 2022, 2023 மூன்று சீசனிலும் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. "பேருக்கு ஒரு டீம் இருக்குதுங்க" என்ற அளவில்தான் ஊரில் பேச்சு இருந்தது.

2024-ல் லீக் சுற்றில் இரண்டாம் இடம் பிடித்து முதன்முறையாக பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது திருப்பூர். குவாலிஃபையர் 1-ல் எதிரே பக்கத்து ஊர்க்காரர்களான லைகா கோவை கிங்ஸ். சாய் சுதர்சன் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார், திருப்பூர் காலி. ஆனாலும் இரண்டாம் இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு இல்லையா? ஆகஸ்ட் 2-ம் தேதி சேப்பாக்கத்தில் குவாலிஃபையர் 2. திருப்பூர் 108 ரன்னுக்கு ஆல் அவுட். திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் தானே ஓப்பனிங் இறங்கி 30 பந்தில் 69 ரன் விளாச, 11 ஓவர் முடிவதற்குள் மேட்ச் முடிந்தது. 9 விக்கெட் தோல்வி. இரண்டு நாள் கழித்து திண்டுக்கல் கோவையையும் வீழ்த்தி கோப்பையை எடுத்துக்கொண்டது.

அதே திண்டுக்கல்லைத்தான் 2025 ஃபைனலில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் திண்டுக்கல்லின் சொந்த மண்ணில்.

சரி, அதென்ன குவாலிஃபையர், எலிமினேட்டர்?

பிளே-ஆஃப் என்ற வார்த்தையை நாம் ஐபிஎல் மூலமாகத்தான் அதிகம் கேட்டோம். 2011-க்கு முன்பு ஐபிஎல்லிலும் சாதாரண அரையிறுதிதான். இப்போது இருக்கும் முறை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. 1931-ல் விக்டோரியன் கால்பந்து லீக்கில் இதைக் கொண்டுவந்தார்கள். ரிச்மண்ட் கிளப்பின் செயலாளராக இருந்த பெர்சி பேஜ் பெயரால் இதை 'பேஜ் முறை' என்கிறார்கள்.

கணக்கு சிம்பிள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் குவாலிஃபையர் 1-ல் மோதுவார்கள். ஜெயித்தால் நேரா ஃபைனல், தோற்றால் இன்னொரு சான்ஸ். மூன்றாவது, நான்காவது இடக்காரர்கள் எலிமினேட்டரில் மோதுவார்கள். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதில் ஜெயித்தவரும் குவாலிஃபையர் 1-ல் தோற்றவரும் குவாலிஃபையர் 2-ல் ஆடி, ஃபைனலின் இன்னொரு இடத்தைப் பிடிப்பார்கள்.

இதில் லீக் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு? எல்லா டீமும் சம பலம், ஒவ்வொரு மேட்ச்சும் 50-50 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அரையிறுதி முறை என்றால் நான்கு பேருக்கும் கோப்பை வாய்ப்பு 25 சதவீதம். பேஜ் முறையில் முதல் இரண்டு பேருக்கு தலா 37.5, கடைசி இரண்டு பேருக்கு தலா 12.5. அதாவது மூன்று மடங்கு வித்தியாசம். லீக் கடைசி வாரத்தில் டீம்கள் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஆனால் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில்? ஒரு வித்தியாசமும் கிடையாது. இங்கேதான் 2025-ல் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் மாட்டியது.

அந்த நான்கு நாட்கள்

8 டீம், ஒவ்வொருவருக்கும் 7 லீக் மேட்ச். சேப்பாக் ஏழிலும் ஜெயித்தது. திருப்பூருக்கு 5 வெற்றி, 2 தோல்வி. அந்த இரண்டில் ஒன்று சேப்பாக்கிடம் வாங்கியது. நான்கு முறை சாம்பியனான டீம், ஒரு தோல்விகூட இல்லாமல் வருகிறது என்றால் யார் பக்கம் பந்தயம் கட்டுவீர்கள்?

ஜூலை 1, செவ்வாய்க்கிழமை குவாலிஃபையர் 1. சேப்பாக்கை 79 ரன் வித்தியாசத்தில் திருப்பூர் சாய்த்தது. என்னைக் கேட்டால் அந்த சீசனின் உண்மையான கம்பேக் இதுதான், ஃபைனல் இல்லை. லீக்கில் தோற்கடித்தவனை, அதுவரை யாருமே தோற்கடிக்காதவனை, தேவையான ஒரே நாளில் தோற்கடித்தார்கள். முந்தைய வருஷம் கைகொடுக்காத 'இரண்டாவது வாய்ப்பு' இந்த முறை தேவையே படவில்லை.

ஜூலை 4-ம் தேதி சேப்பாக்கின் கதை முடிந்தது. குவாலிஃபையர் 2-ல் திண்டுக்கல்லின் விமல் குமார் ஒரே ஓவரில் 34 ரன் எடுத்தார். ஒரு மாசம் தோல்வியே தெரியாமல் இருந்த டீம், நான்கு நாளில் இரண்டு முறை தோற்று வெளியே. இது நியாயமா? அமெரிக்காவின் பேஸ்பாலில் இறுதிக்கட்டத்தை ஏழு மேட்ச் தொடராக ஆடுகிறார்கள். 2004-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று மேட்ச்சும் தோற்றுவிட்டு, அடுத்த நான்கையும் ஜெயித்து முன்னேறியது. ஒரு மோசமான நாளை அங்கே மன்னிப்பார்கள். ஒரு மாசத்தில் மொத்தத் தொடரையும் முடிக்கும் டிஎன்பிஎல்லில் அதற்கெல்லாம் தேதி கிடையாது.

ஃபைனல்

துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் ஓப்பனிங்கிலேயே 100 ரன்னைத் தாண்டினார்கள். சாத்விக் 34 பந்தில் 65, துஷார் 46 பந்தில் 77. ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 220. ஓவருக்கு 11 ரன் வேண்டும் என்ற நிலையில் இறங்கிய திண்டுக்கல் 14.4 ஓவரில் 102-க்கு ஆல் அவுட். அந்த சீசனில் அதிக ரன் எடுத்தவரும் துஷார்தான், 488 ரன்.

கேப்டன் சாய் கிஷோர், பந்துவீச்சில் நடராஜன். நடராஜனைப் பற்றி நல்லூரில் யாருக்கும் விளக்க வேண்டாம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் போட்டுப் பழகியவர், டிஎன்பிஎல் வழியாக 2017-ல் ஐபிஎல்லுக்கு 3 கோடி ரூபாய்க்குப் போனார். ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். வாரம் முழுக்க கட்டிங், செக்கிங் என்று நின்றுவிட்டு, ஞாயிறு காலையில் கம்பெனியிலேயே தைத்த டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு டென்னிஸ் பால் ஆடப் போகும் பசங்களுக்கு, அந்த டீமில் 'இவன் நம்மாளு' என்று சொல்ல அவர் ஒருத்தர் போதும்.

நம்ம டீம், நம்ம ஊரில் எப்போ?

அந்த சீசனில் திருப்பூர் தமிழன்ஸ் ஆடியது மொத்தம் 9 மேட்ச். திருப்பூரில் ஆடியது பூஜ்யம். கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என நான்கே இடங்களில்தான் மொத்தத் தொடரும் நடந்தது. சாயங்காலம் 7.15 மணி மேட்ச்சுக்கு கோவை போய்ப் பார்க்கலாம்தான், 50 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் வார நாளில் எப்படிப் போவார்? மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து ஸ்கோர் பார்க்கலாம், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வராத வரைக்கும்.

'பெரிய சிட்டியில்தான் ஸ்டேடியம் கட்டுவாங்க' என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. சேலம் மேட்ச் என்று சொல்கிறோமே, அந்த மைதானம் வாழப்பாடியில் இருக்கிறது, 2020-ல் திறந்தது. திண்டுக்கல் மேட்ச் நடப்பது நத்தத்தில் உள்ள ஒரு கல்லூரியின் மைதானம். கோவையிலும் கல்லூரி மைதானம்தான். திருநெல்வேலி மேட்ச் நடப்பது சங்கர் நகரில், சிமென்ட் கம்பெனி மைதானத்தில்.

சிமென்ட் கம்பெனிக்குப் பக்கத்தில் மைதானம் வரும் என்றால் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் வராதா? உலகம் முழுக்க டிஷர்ட் அனுப்பும் ஊர், தன் பேர் போட்ட சாம்பியன் டீமை இன்னும் போன் ஸ்கிரீனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.