மொட்டைமாடி டிஷ்ஷும் மழை ரேடாரும்

கீழப்பாவூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வெள்ளை டிஷ் இருக்கிறது. தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முகம் பாவூர்சத்திரம் பக்கம். கேபிள் போய்ச் சேராத தெருக்களுக்கு இன்டர்நெட் இப்படித்தான் காற்றில் வருகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை லைன் அறுந்துகொண்டே இருந்ததால் மாட்டிய பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் லேப்டாப்பை வைத்து, 'நாடு' என்று கேட்கும் இடத்தில் இந்தியாவை எடுத்துவிட்டு வேறொரு நாட்டைப் போட்டான். "இனிமே அறாது அண்ணாச்சி" என்றான். அறவுமில்லை.

அவன் நிறுத்தியது எதை என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

அந்த டிஷ் பேசுவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதே பகுதியில்தான் உலகெங்கும் பல மழை ரேடார்கள் வேலை செய்கின்றன. குறிப்பாக 5,600 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸ் வரை. டிஷ்ஷும் ரேடாரும் ஒரே இடத்தில் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. வைஃபை கருவி ஒரு சேனலில் பேசுவதற்கு முன் 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். விட்ட சேனலை 30 நிமிடம் தொடக்கூடாது. ஐரோப்பாவில் ரேடார் பகுதிக்கு முன்கூட்டிக் கேட்கும் நேரம் 10 நிமிடம். கருவிக்குச் சில சமயம் இல்லாத ரேடாரும் கேட்கும். உடனே இடம் மாறும், லைன் அறும். அந்தத் தொல்லைக்குத்தான் 'நாட்டை மாற்றுவது' கைமருந்தாகிவிட்டது. இப்படிக் கேட்கச் சொல்லாத நாட்டைப் போட்டதும் காது அடைபடுகிறது, வாய் மட்டும் திறந்திருக்கிறது.

ஒரு வாட் அளவு டிஷ், லட்சக்கணக்கான வாட் ரேடாரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ரேடார் அனுப்புவது பெரிய துடிப்புதான். ஆனால் பல கிலோமீட்டர் தள்ளி மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவது மிக மெல்லிய எதிரொலி. அதைப் பிடிக்கக் காத்திருக்கும் ஏரியலுக்கு நேரெதிரே உயரத்தில் ஒரு டிஷ் ஓயாமல் பேசினால், எதிரொலி அதில் மூழ்கிவிடும். ரேடார் படத்தில் அந்தத் திசை முழுக்க நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு விழும். கோட்டுக்குள் இருப்பது மழையா, மழையே இல்லையா என்று சொல்ல முடியாது.

இது நடந்த கதை. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்தருகே, விமானங்களைக் கவிழ்க்கக்கூடிய திடீர்க் காற்றைக் கண்டுபிடிக்க அமெரிக்க விமானத்துறை வைத்திருந்த ரேடாரில் 2009இல் இந்தக் கோடுகள் விழுந்தன. தேடிப் போனால், உயரமான இடங்களில் மாட்டிய வெளிப்புற வைஃபை இணைப்புகள். 2019இலும் அங்கே சிறிய இன்டர்நெட் நிறுவனங்கள்மேல் 25,000 டாலர் அபராத நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்தும் அதே தவறு. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 5,600–5,650 பகுதியை வைஃபைக்குத் தருவதே இல்லை.

இந்தியா 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கிராமங்களுக்கு அது நல்லதே; நான் அதை எதிர்க்கவில்லை. 5,470 முதல் 5,725 வரையான துண்டும் அதில் இருக்கிறது, ரேடார் பகுதி அதற்குள் அடக்கம். மற்றவர்களுக்கு இடையூறு செய்யாமல் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. மொட்டைமாடியில் அதைக் காப்பாற்ற அந்த 60 விநாடிக் காதைத் தவிர வேறு காவல் இல்லை.

கீழப்பாவூருக்கு என்ன கவலை? திருவனந்தபுரம் தும்பாவில் இதே அலைவரிசைப் பகுதியில் (சி-பட்டை) வேலை செய்யும் மழை ரேடார் நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவே மலை நிற்பதால் இங்குள்ள டிஷ் அதைத் தொடுவது கடினம். அதே மலைதான் அந்த ரேடாரின் தாழ்வான பார்வையையும் நமக்கு மறைக்கிறது. 2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தென்மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே ரேடார் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ராமநாதபுரத்திலும் ஈரோட்டிலும் ரேடார் அமைக்க மாநில அரசு முடிவெடுத்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி 17 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. அதற்கும் வைஃபைக்கும் தொடர்பில்லை. ஆனால் அருவியில் நிற்பவருக்கு மேலே பெய்வது தெரியாது. கருவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கருவி வரும் நாளில், அதைச் சுற்றியுள்ள ஊர்களில் காது அடைத்த டிஷ்கள் எத்தனை நிற்கும்?

தொலைத்தொடர்புத் துறை 5,600–5,650 பகுதியை இப்போதே வெளிப்புற டிஷ்களுக்கு மூடிவிட வேண்டும். நாட்டை மாற்ற முடியாதபடி பூட்டிய கருவிகளை மட்டுமே விற்க விட வேண்டும். ரேடார் வந்த பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறித் தேடுவது சான் ஹுவானிலேயே முடியவில்லை. உங்கள் வீட்டு மாடியில் டிஷ் இருந்தால், மாட்டியவரைக் கூப்பிட்டு 'நாடு' என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். லைன் அறுந்தால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.