ஆறாத சேற்றுப்புண்: காரணமும் தீர்வும்

நெல் வயல்களிலும், சுரங்கங்களிலும், மீன்பிடித் துறைகளிலும், நகரங்களின் கழிவுநீர்க் கால்வாய்களிலும் உழைப்போரின் கால்கள் நாள்தோறும் பல மணி நேரம் ஈரத்தில் ஊறுகின்றன. படைவீரர்கள், காவலர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் கால்களோ இறுகிய பூட்சுக்குள் வியர்வையில் நனைகின்றன. இவ்விரு சாராரையும் ஒருங்கே பற்றும் நோய் சேற்றுப்புண். உயிரைப் பறிக்காத நோய் என்பதால் மக்களும் நிர்வாகமும் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் மாதக்கணக்கில் ஆறாமலும், ஆறியது போல் தோன்றி மீண்டும் மீண்டும் தலைகாட்டியும் இது உழைப்பாளரை வாட்டுகிறது. இந்தப் பிடிவாதத்திற்கு நோயின் வலிமை ஒரு காரணம்; அரைகுறைச் சிகிச்சையும் தவறான களிம்பும் அதனினும் பெரிய காரணங்கள்.

நோயின் இயல்பு

சேற்றுப்புண்ணை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சைக் காளான். இவ்வகைப் பூஞ்சைகளுள் முதன்மையான ட்ரைக்கோபைட்டான் ரூப்ரம் என்பதை 1910ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி விவரித்தார். தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் என்னும் புரதமே இதன் உணவு. நான்காம், ஐந்தாம் கால்விரல்களுக்கு இடைப்பட்ட பகுதி நெருக்கமாகவும் ஈரமாகவும் இருப்பதால், நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தோல் வெளுத்து ஊறி, பிளவுபட்டு, அரிப்பும் துர்நாற்றமும் தருகிறது. சிலருக்கு உள்ளங்கால் முழுவதும் வறண்டு செதில் உதிரும். அதனை வெறும் பித்தவெடிப்பு என்றே அவர்கள் எண்ணிவிடுவதுண்டு.

சிறு பிளவு, பெரும் விளைவு

விரலிடுக்கில் ஏற்படும் பிளவு, பாக்டீரியாக்கள் உடலுள் நுழையத் திறந்த வாயிலாகும். நீரிழிவு நோயாளிகளுக்கு இவ்வாயில் வழியே புகும் கிருமிகளால் கால் வீங்கிச் சீழ்பிடிக்கலாம். கவனியாது விட்டால் காலையே இழக்க நேரிடலாம். யானைக்கால் நோயுற்றோருக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் இத்தகைய பிளவுகளில் தொடங்குபவையே. ஒவ்வொரு முறையும் வீக்கம் மிகுந்து கால் மேலும் பருக்கிறது. யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் காலை நாள்தோறும் சோப்பு நீரால் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தும் பயிற்சி இடம்பெற்றிருப்பதன் காரணம் இதுவே.

ஏன் ஆறுவதில்லை?

முதற் காரணம், சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது. மேல்தோல் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. களிம்பு பூசிய சில நாட்களில் அரிப்பு அடங்கிவிடும்; ஆனால் பூஞ்சை பழைய தோலில் எஞ்சியிருக்கும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துபவருக்கு அது மீண்டும் முளைக்கிறது.

இரண்டாவது, நோயின் ஒளிவிடங்கள். கால் நகம் தடித்து மஞ்சளாகியிருந்தால் பூஞ்சை அங்கே குடியேறியிருக்கக்கூடும். களிம்பு நகத்தினுள் எளிதில் ஊடுருவாது. உதிர்ந்த செதில்களில் பூஞ்சை பல மாதங்கள் உயிரோடிருப்பதால் காலணி, காலுறை, துண்டு, குளியலறைத் தரை ஆகியவையும் நோயைத் திரும்பத் தருகின்றன. வீட்டில் மற்றொருவருக்கு நோய் இருந்து அவர் மருந்து செய்துகொள்ளாவிடில், குணமடைந்தவரையும் அது மறுபடி பற்றுகிறது.

மூன்றாவது, நோயைத் தவறாகக் கணிப்பது. காலணியின் ரப்பரும் தோல் பதனிடும் இரசாயனமும் உண்டாக்கும் ஒவ்வாமை, சொரியாசிஸ், பாக்டீரியாத் தொற்று ஆகியவையும் சேற்றுப்புண் போலவே தோன்றும். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். மலிவான இச்சோதனைக்கு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஊழியருமே தேவை.

கலவைக் களிம்புகளின் தீங்கு

நான்காவது காரணம் நம் நாட்டில் தனிக் கவனத்துக்குரியது. கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் பூஞ்சைக் கொல்லியுடன் குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்துள்ளது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாளில் அடக்குவதால் நோயாளி அதனை நல்ல மருந்தென நம்புகிறார். உண்மையில் அது அடக்குவது பூஞ்சையை அன்று. பூஞ்சையை எதிர்க்கும் தோலின் தற்காப்பையே. எதிர்ப்பின்றிப் பூஞ்சை பரவுகிறது. தோற்றமும் மாறுவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரிவது கடினமாகிறது. இவ்வாறு முகம் மாறிய நோயை ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1968ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தனர். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து கோடுகள் விழுவதும் உண்டு.

இத்துடன் வேறொரு சிக்கலும் எழுந்துள்ளது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குச் சென்றிருந்த நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சைக்கு, 2020ஆம் ஆண்டில் ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்டது. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுப்பதே டெர்பினாஃபின் மருந்தின் வேலை. இப்புதிய இனத்தில் பலவற்றில், அம்மருந்து தாக்கும் நொதியே மரபு மாற்றம் அடைந்திருப்பதால் மருந்து பலிப்பதில்லை. இது பெரும்பாலும் உடலிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரையாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் இதன் முதல் இரு நோயாளிகள் பற்றிய அறிக்கை 2023ஆம் ஆண்டில் வெளியானது.

குணமடையும் வழி

பெரும்பாலான சேற்றுப்புண்கள் முறையான சிகிச்சைக்குக் கட்டுப்படுபவையே. குளோட்ரிமசோல், மைகோனசோல் போன்ற களிம்புகளை நாள்தோறும் இருமுறை, நான்கு வாரங்கள் வரை பூச வேண்டும். டெர்பினாஃபின் களிம்புக்குக் குறைந்த காலம் போதுமானதாகலாம். புண்ணின் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வரை பூசுவதும், தோல் தெளிந்த பின்னும் ஓரிரு வாரங்கள் தொடர்வதும் நன்று. உள்ளங்கால் முழுவதும் தடித்திருந்தாலும், நகம் பாதிக்கப்பட்டிருந்தாலும், களிம்பால் குணம் காணாவிட்டாலும் டெர்பினாஃபின், இட்ராகோனசோல் முதலிய மாத்திரைகள் தேவைப்படும். ஈரல் நோய், இதயச் செயலிழப்பு உடையோரும், கருவுற்ற பெண்களும், வேறு மருந்து உண்போரும் மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளலாகாது. நகம் முழுமையாகத் தெளிவாக வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மருந்துக்கு நிகரானது கால் பேணல். வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் தனித் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்றுதல், இரண்டு சோடிக் காலணிகளை மாறி மாறி அணிந்து ஒன்றை வெயிலில் உலரவிடுதல், துண்டைப் பிறருடன் பகிராதிருத்தல் ஆகியவை இன்றியமையாதவை. உள்ளாடைக்கு முன்பே காலுறையை அணிந்துகொண்டால் காலிலுள்ள பூஞ்சை தொடையிடுக்குக்குச் செல்வது குறையும். வீட்டில் நோயுள்ள அனைவருக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை அளிப்பதே பலன் தரும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

அரசு சில நடவடிக்கைகளை மேற்கொண்டுள்ளது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவையாக, மருந்து விதிகளின் எச் அட்டவணைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 2022ஆம் ஆண்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் டெர்பினாஃபினும் இட்ராகோனசோலும் சேர்க்கப்பட்டன. ஆயினும் விதி ஏட்டில் இருப்பது வேறு, கடை முகப்பில் நடைமுறையாவது வேறு. கூலி வேலைக்குச் செல்பவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து மருத்துவமனையில் காத்திருப்பதைவிட, அருகிலுள்ள கடையில் களிம்பு வாங்குவதையே எளிதாகக் கருதுகிறார். சட்டத்தால் மட்டும் இதனை மாற்ற இயலாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டீராய்டு கலவாத களிம்பு, நான்கு வாரங்களுக்குப் போதுமான அளவில் கிடைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குரிய மருந்தை மட்டும் வழங்குவது, நோயாளி சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு நிர்வாகமே வழிசெய்வதாகும். துப்புரவுப் பணியாளருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் ஒரு சோடிக்கு மாற்றாக மற்றொரு சோடிக் காலணியும், பணியிடத்தில் கால் கழுவ நீரும் அளிப்பது சலுகையன்று. நோய்த்தடுப்பு முறையே ஆகும். நீரிழிவு, யானைக்கால் மருத்துவ முகாம்களில் விரலிடுக்கைப் பார்ப்பதை வழக்கமாக்கினால், காலைக் காக்கும் வாய்ப்பைப் பலர் பெறுவர். ஈரத்தில் நின்று உழைப்பவரின் கால் ஆறுவதற்கு வேண்டுவன சரியான மருந்து, நான்கு வாரப் பொறுமை, உலர்ந்த காலணி ஆகிய மூன்றே. அவற்றுள் பொறுமை நோயாளியின் கடமை. ஏனைய இரண்டும் அவருக்கு எட்டும்படி செய்வது நிர்வாகத்தின் கடமை.