மவுஸ் பிடித்த கை மரத்துப் போகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். அதை எந்த மேஜையில் வைப்பது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பலனை என் வலது கை அனுபவித்தது.

ராஜபாளையத்தில் வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிப்பவர்களின் பில்கள்தான் அதிகம். உயரமான சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துத் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்த்தேன். சில மாதங்களில், கை மரத்துப்போய் நள்ளிரவில் விழிப்பு வரத் தொடங்கியது. உதறினால் சரியாகிவிடும். சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்தேன். ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றுதான் பயம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன்.

"எந்தெந்த விரல் மரத்துப் போகிறது?" என்று கேட்டார்.

"கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல்."

"சுண்டு விரல்?"

"இல்லை, டாக்டர்."

விரல்களை வைத்தே நரம்பை ஊகித்துவிட்டார். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு பட்டையான நாருக்கும் நடுவே குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் அதற்குள்தான் செல்கின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். சுண்டு விரல் மரத்தால் அது அல்னர் என்ற வேறு நரம்பு. பெரும்பாலும் முழங்கையில் நசுங்குவது.

கம்ப்யூட்டர்தான் காரணமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றாலும் வரும். அதனால் எனக்கு ரத்தப் பரிசோதனையும் நடந்தது. ஆனால் மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும் என்பது உறுதி. நாள் முழுக்க எழுதுபவர்களுக்குக் கை வலி வருவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713-லேயே பதிவு செய்திருக்கிறார்.

மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஆறு வாரத்தில் இரவு விழிப்பு நின்றது. இதில் குறையாதவர்களுக்கு நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை, ஊசி, சிறு அறுவை சிகிச்சை எனப் பல வழிகள் உண்டு. நாள் கடத்துவதுதான் ஆபத்து. கட்டை விரலின் அடிச்சதை சுருங்கிவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

வீட்டில் நான் செய்த மாற்றங்கள்:

* முழங்கை உயரத்துக்குக் கீபோர்டு வருமாறு நாற்காலியை உயர்த்தினேன். கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு பலகை.

* கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிட்டேன். மவுஸை அதன் பக்கத்திலேயே வைத்தேன்.

* மவுஸை இடது கைக்கு மாற்றினேன். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று சென்று பிரைமரி பட்டனை ரைட் என மாற்றுங்கள். இரண்டு நாள் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

* ஒர்க்ரேவ் என்ற இலவச மென்பொருளைப் பதிந்தேன். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தை அது நினைவுபடுத்தும்.

* நீளமான கடிதங்களை டைப் செய்வதில்லை. குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுங்கள். மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டுப் பேசினால் போதும். இந்தக் கட்டுரையில் பாதி அப்படி வந்ததுதான்.

உங்களுக்கும் இரவில் கை மரத்தால், எந்தெந்த விரல் என்று அப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.